காணி உறுதிகளை ரொறன்ரோவுக்கு அனுப்ப எந்த இலவசச் சேவை?

கேள்வி: புதுக்கடையில் சட்டத்தரணியும் நொத்தாரிசுமான ஒருவரின் கந்தோரில் வேலை செய்கிறேன். எங்கள் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போன மாதம் ரொறன்ரோவில் உள்ள ஓர் ஐயாவுக்கு உறுதிகள், நில அளவைப் படங்கள், அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகள் என்று 60 பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டி வந்தது. அதுவே 6 ஜிபி. காணியை ட்ரோனில் எடுத்த வீடியோ இன்னொரு 3 ஜிபி. மின்னஞ்சலில் போகவில்லை. கந்தோர்த் தம்பி கூகிளில் தேடி ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி லிங்கை அனுப்பினார். ஐயா அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதே காணிக்கு உரிமை கோருகிற அவருடைய தம்பியும் அந்தக் குழுவில் இருக்கிறார்! சேருக்குச் சரியான கோபம். இனிமேல் பென் ட்ரைவில் போட்டு, போகிற ஆட்கள் கையில்தான் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். காசு கட்டிச் சேவை வாங்கவும் அவர் தயாரில்லை. இலவசமாகவும் பாதுகாப்பாகவும் அனுப்ப எது நல்லது?
— வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கந்தோர்த் தம்பியை யாரும் ஏச வேண்டாம். அவர் எடுத்ததைவிட எவ்வளவோ நல்ல சேவையில் ஏற்றியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். லிங்க் கையில் இருக்கிற எவரும் திறக்கலாம் என்ற நிலையில் கோப்பு கிடந்தது. ஐயா லிங்கைக் குழுவில் போட்டார். தம்பிக்காரர் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எல்லாம் அவர் தொலைபேசியில். இதில் ஹேக்கரும் இல்லை, வைரசும் இல்லை. காணி விஷயத்தில் உங்கள் கோப்பைப் பார்க்க ஆகக் கூடுதலாக ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார். பாதுகாப்பு என்று யோசிக்கும்போது அவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, சேவையின் பெயரைக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கோப்பைத் திறக்கும் சாவி யார் யாரிடம் இருக்கிறது? வாங்குகிறவர் எதை வைத்து அதைத் திறக்கப் போகிறார்? இந்த இரண்டும் தெளிவானால் எந்தச் சேவை என்பது கடைசியில் சின்ன முடிவுதான்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. 60 பக்கம் 6 ஜிபி என்றால் பக்கத்துக்கு 100 எம்பி. அந்த எண்ணைப் பார்த்ததுமே உங்கள் ஸ்கேனரின் அமைப்பைச் சொல்லிவிடலாம்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), முழு வண்ணம், சுருக்காத டிஃப் படக் கோப்பு. ஏ4 தாளை அப்படி எடுத்தால் அகலத்தில் 4,960 புள்ளி, நீளத்தில் 7,016 புள்ளி, புள்ளிக்கு 3 பைட். பெருக்கிப் பாருங்கள், 104 எம்பி வரும். ஸ்கேனரைப் பூட்டித் தந்தவர் ‘ஆகக் கூடின தரம்’ என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

300 டிபிஐயில், சாம்பல் நிறத்தில் எடுத்தால் புள்ளிகள் நாலில் ஒன்றாகும், நிறம் மூன்றில் ஒன்றாகும். மொத்தம் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது இன்னும் சுருங்கிப் பக்கம் ஏறக்குறைய 1 எம்பிக்கு வந்துவிடும். தட்டச்சு உறுதியை வாசிக்க அது தாராளம். முத்திரை, பெருவிரல் அடையாளம் உள்ள பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுங்கள். நில அளவைப் படம் வேறு கதை. அதில் எல்லைக்கோடும் அளவு எண்களும் மிகப் பொடியாக இருக்கும், அதற்கு 600 டிபிஐயை விட்டுவிடலாம், நிறம் தேவையில்லை. இப்படிச் செய்தால் 6 ஜிபி என்று மலைத்தது 100 எம்பிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். பிடிஎஃப்பை இலவசமாகச் சுருக்கித் தருகிறோம் என்று எத்தனையோ இணையத்தளங்கள் இருக்கின்றன. தயவுசெய்து உறுதிகளை அங்கே கொண்டுபோய் ஏற்றாதீர்கள். எதற்குப் பயந்து இந்தக் கடிதத்தை எழுதினீர்களோ, அதையே வேறு வாசலால் செய்வதாகிவிடும். ஸ்கேன் செய்யும்போதே அளவைச் சரியாக வைத்தால் சுருக்கும் வேலையே இல்லை.

ட்ரோன் வீடியோவுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் கணினியிலேயே வேலை செய்யும், கோப்பு எங்கும் போகாது. 4கே வீடியோவை 1080 அளவுக்குக் குறைத்தால் 3 ஜிபி சில நூறு எம்பியாகும். ஐயா தொலைபேசியில் பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம், வீடியோவையும் அடையாள அட்டைப் பிரதியையும் ஒரே பொதியில் போட வேண்டாம். காணியைச் சுற்றிப் பறந்து எடுத்த படத்தை யார் பார்த்தாலும் பெரிய நட்டம் இல்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கையெழுத்து மூன்றும் ஒன்றாக ஒருவர் கையில் கிடைப்பது பெரிய நட்டம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பூட்ட நினைத்தால் கடைசியில் சலித்துப்போய் எதையுமே பூட்டாமல் அனுப்புவோம்.

சரி, இப்போது சேவைகள்.

ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அதைத் தாண்டினால் அது தானாகவே கோப்பைக் கூகிள் ட்ரைவில் போட்டு லிங்கை அனுப்பும். ட்ரைவில் இலவசமாக 15 ஜிபி தருகிறார்கள், ஆனால் உங்கள் மின்னஞ்சலும் தொலைபேசிப் படங்களும் அதே 15க்குள்தான். வீட்ரான்ஸ்ஃபர் பலருக்குத் தெரியும், 2009 முதல் இருக்கிறது. சுவிஸ்ட்ரான்ஸ்ஃபர் என்று சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று நடத்தும் சேவையில் கணக்குத் திறக்காமலே ஒரே தடவையில் 50 ஜிபி வரை அனுப்பலாம். கடவுச்சொல் போடலாம், எத்தனை நாள் இருக்க வேண்டும், எத்தனை முறை இறக்கலாம் என்பதையும் நீங்களே வைக்கலாம். அளவுதான் பிரச்சினை என்றால் என் தெரிவு இதுதான்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் கொடுத்துவிடுகிறோமே, அது மாதிரி. பஸ் நல்ல பஸ், ஆட்களும் நல்லவர்கள், பார்சல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வழியில் பெட்டியைத் திறக்க நினைத்தால் அவர்களால் முடியும். உங்கள் கணினியிலிருந்து அவர்களுடைய சேர்வர் வரை கோப்பு மறைகுறியாகத்தான், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடிதான், போகிறது, அங்கேயும் மறைகுறியாகத்தான் இருக்கிறது, ஆனால் சாவி அவர்களிடம். ‘வங்கி அளவுப் பாதுகாப்பு’, ‘256 பிட்’ என்றெல்லாம் முகப்பில் எழுதியிருப்பது பொய் இல்லை. சாவி யாரிடம் என்பதை மட்டும் அது சொல்லாது.

இது வெறும் தத்துவம் இல்லை. 2019 ஜூனில் வீட்ரான்ஸ்ஃபரில் ஏற்பட்ட கோளாறினால் சிலருடைய கோப்புகளுக்கான மின்னஞ்சல்கள் சம்பந்தமில்லாத ஆட்களுக்குப் போயின. நிறுவனமே அதை அறிவித்தது. 2023இல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்த குற்றக் கும்பல், அதைப் பயன்படுத்திய ஏராளமான நிறுவனங்களின் தரவுகளை அள்ளிக்கொண்டு போனது. அது காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். ஆகவே இலவசம் என்பதால் மோசம், காசு கட்டினால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2025இல் வீட்ரான்ஸ்ஃபர் தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியபோது, பயனர் கோப்புகளைச் செயற்கை நுண்ணறிவைப் பழக்க எடுப்பார்களோ என்று பெரிய சத்தம் எழுந்தது. அப்படிச் செய்வதில்லை என்று சொல்லி அந்த வசனத்தை மாற்றினார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோர் நிற்கக் கூடாது.

சாவியைத் தாங்கள் வைத்துக்கொள்ளாத இலவசச் சேவைகளும் இருக்கின்றன. கோப்பு உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டு, வாங்குகிறவரின் பிரவுசரில்தான் திறபடும். வோர்ம்ஹோல் அப்படியானது. 10 ஜிபி வரை அனுப்பலாம், 24 மணித்தியாலத்தில் லிங்க் செத்துவிடும். 5 ஜிபி வரையான கோப்பு அவர்களுடைய சேர்வரில் பூட்டிய நிலையில் காத்திருக்கும். அதற்கு மேலே என்றால் உங்கள் கணினியிலிருந்து நேரே அவருடைய கணினிக்குப் போகும், அது முடியும்வரை நீங்கள் பக்கத்தை மூடக் கூடாது. மெகா 20 ஜிபி இலவசமாகத் தருகிறது. அதில் எனக்குப் பிடித்த வசதி, லிங்கை ஒரு துண்டாகவும் சாவியை வேறு துண்டாகவும் பிரித்து எடுக்கலாம். 2022இல் சூரிச் ஆய்வாளர்கள் மெகாவின் பூட்டு முறையில் சில பிழைகளைக் காட்டினார்கள், அவை திருத்தப்பட்டன. புரோட்டன் ட்ரைவ் 5 ஜிபி தருகிறது, அதுவும் இதே வகை.

இந்தச் சேவைகளின் லிங்கை உற்றுப் பாருங்கள். கடைசிப் பகுதியில் ஒரு ஹாஷ் குறி இருக்கும், அதற்குப் பிறகு அர்த்தமில்லாத எழுத்துகள் வரிசையாக வரும். அதுதான் சாவி. ஹாஷ் குறிக்குப் பின்னால் உள்ளதைப் பிரவுசர் சேர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதனால்தான் கம்பனி நினைத்தாலும் திறக்க முடியாது. கெட்டித்தனமான ஏற்பாடு. ஆனால் முழு லிங்கையும் ஐயா குழுவில் போட்டால்? சாவியும் சேர்ந்தே போகிறது. உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது: கோப்பை நீங்களே பூட்டுங்கள், பிறகு விருப்பமான சேவையில் ஏற்றுங்கள், சாவியை வேறு வழியால் கொடுங்கள். லிங்க் மின்னஞ்சலில் போனால் கடவுச்சொல் தொலைபேசி அழைப்பில் போகட்டும். இரண்டும் ஒரே மின்னஞ்சலில் போனால் பூட்டியதில் பிரயோசனம் இல்லை. ‘அடுத்த மின்னஞ்சலில் கடவுச்சொல் வரும்’ என்பதும் அதே கணக்குத்தான், இரண்டும் ஒரே பெட்டியில்தானே கிடக்கப் போகின்றன.

கணினிக்குக் கணினி அனுப்புவதற்கு 7-ஜிப் போதும். கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டிப் பூட்டுவதற்கு 1999 முதல் இருக்கும் இலவச மென்பொருள். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் இடைக்கிடை புதிய பதிப்பை நீங்களே போட வேண்டும். கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து, 7-ஜிப் வரியில் ‘அட் டு ஆர்க்கைவ்’ என்பதை அழுத்தினால் பெரிய பெட்டி ஒன்று திறக்கும். இடது மேல் பக்கத்தில் வடிவம் கேட்கும், 7-ஜிப்பின் சொந்த வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். வலது கீழ்ப்பக்கம் கடவுச்சொல்லுக்கு இரண்டு கட்டங்கள். அதற்குக் கீழே சின்னதாக ஒரு சதுரம், ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்று இருக்கும். அதில் சரி போடப் பலர் மறந்துவிடுகிறார்கள். போடாவிட்டால் கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் தெரியும். உங்கள் கந்தோரில் கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பீர்கள்? கட்சிக்காரர் பெயர், உறுதி இலக்கம், காணியின் பெயர். தம்பிக்காரருக்கு அதுவே போதும்.

சாதாரண ஜிப் வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றால், பூட்டும் முறையில் ‘ஜிப்கிரிப்டோ’ என்று இருப்பதை ‘ஏஇஎஸ்-256’ என்று மாற்றுங்கள். முன்னையது பழைய முறை, உடைக்கக்கூடியது.

இனி கடவுச்சொல். இலங்கைக் கந்தோர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது: கட்சிக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்பது. கேட்டால் ‘அவருக்கு ஞாபகம் இருக்கும்’ என்பார்கள். புதிய 12 இலக்க எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். மிச்சம் 5 இலக்கம். பிறந்த தேதி தெரிந்த ஒருவர் முயல வேண்டியது ஆகக் கூடினது ஒரு லட்சம் எண்கள். கணினிக்கு இது பெரிய வேலையே இல்லை. அண்ணனின் பிறந்த நாள் தம்பிக்குத் தெரியாதா? முழு இலக்கமும்கூட ஏதாவது பழைய வழக்குக் கட்டில் இருக்கும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கடவுச்சொல் வைப்பதும் தொலைபேசியில் சரிவராது. ‘மாங்காய்’ என்ற ஒரு சொல்லுக்கு ரொறன்ரோவில் நாலு எழுத்துக்கூட்டல் வரும், பிறகு ‘திறக்குதில்லை பிள்ளை’ என்று நடுச்சாமத்தில் அழைப்பு வரும். நான் பரிந்துரைப்பது 16 இலக்கங்கள், வங்கி அட்டையில் இருப்பதுபோல நாலு நாலாக. தொலைபேசியில் வாசிக்க லேசு, எழுதிக்கொள்ளவும் லேசு. மனதில் வருகிற எண்ணாக இல்லாமல், கணினியைக் கொண்டு தாறுமாறாக எடுத்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் வேறு வேறு. கோப்புக் கட்டின் உள்அட்டையில் பென்சிலால் எழுதி வைத்தாலும் குற்றமில்லை, கட்டு பூட்டிய அலுமாரியில் இருக்கும்வரை.

இப்போது இரண்டாவது விஷயம், ஐயா. ஐயாவிடம் கணினி இருக்கிறதா, அதில் 7-ஜிப் போடத் தெரியுமா? அன்ட்ராய்ட் தொலைபேசி என்றால் இசட்ஆர்க்கைவர் போன்ற செயலியால் திறக்கலாம், ஆனால் அதை அவருக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த உங்களுக்குப் பொறுமை வேண்டும். திறக்கத் தெரியாத பொதியை அனுப்பினால் அவர் என்ன செய்வார்? யாராவது திறந்து தரட்டும் என்று மறுபடியும் குழுவில் போடுவார். போன தடவையும் அதனால்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு 7-ஜிப் வேண்டாம். பிடிஎஃப்புக்கே கடவுச்சொல் போடுங்கள். வங்கிகள் அனுப்பும் மாதாந்தக் கணக்கு அறிக்கை அப்படித்தான் வரும், எண்ணை அடித்துத் திறப்பது பலருக்குப் பழகிய விஷயம், எந்தத் தொலைபேசியிலும் வேலை செய்யும். ஸ்கேனர் மென்பொருள்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம், பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது பாதுகாப்புப் பகுதியில் கடவுச்சொல் கேட்கும். அங்கே இரண்டு வகை இருக்கும், கவனம். ஒன்று கோப்பைத் திறப்பதற்கு, மற்றது அச்சிடுவதையும் மாற்றுவதையும் தடுப்பதற்கு. உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதை மட்டும் போட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து வாசிப்பார்கள்.

100 எம்பிக்குச் சுருக்கிவிட்டீர்கள் என்றால், பூட்டிய அந்தப் பிடிஎஃப்பை வட்ஸ்அப்பிலேயே ஐயாவுக்கு அனுப்பலாம். 2022 முதல் 2 ஜிபி வரையான கோப்பை அது எடுக்கிறது, செய்திகள் முனைக்கு முனை, அதாவது அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் மட்டும் திறக்கும்படி, பூட்டப்பட்டுத்தான் போகின்றன. படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ என்று தெரிவு செய்து அனுப்புங்கள், படமாகப் போனால் தரத்தைக் குறைத்துவிடும். ஐயா பழக்கதோஷத்தில் குழுவுக்குத் தள்ளிவிட்டாலும் 16 இலக்கம் இல்லாமல் யாரும் திறக்க முடியாது. டெலிகிராமும் 2 ஜிபி எடுக்கும், ஆனால் அதன் வழக்கமான உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்பட்டவை அல்ல, எனவே உறுதிக்கு அது வேண்டாம். சிக்னல் நல்லது, ஐயாவிடம் இருக்காது.

வெளிநாட்டில் உள்ளவர்களை விட்டுவிட்டு உள்ளூரைப் பார்த்தால், எனக்குக் கூடுதல் பயம் கொமினிகேஷன் கடைகளில்தான். காலி வீதியில் எந்தக் கடையிலும் ஏறிப் பொதுக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பிறப்புச் சான்றிதழ், விசா விண்ணப்பம், சம்பளச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருக்கும். பக்கத்து டாபில் யாரோ ஒருவருடைய வட்ஸ்அப் வெப் மூடப்படாமல் புதுச் செய்திகளை வாங்கிக்கொண்டிருக்கும். கட்சிக்காரர் உங்கள் லிங்கைக் கொண்டுபோய் அங்கே அச்செடுத்தால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். உள்ளூர்க் கட்சிக்காரருக்கு அச்சுப் பிரதியைக் கந்தோரிலேயே கொடுத்துவிடுங்கள். கந்தோருக்குள் ஸ்கேன் கணினியிலிருந்து சேரின் தொலைபேசிக்கு அனுப்பவும் இணையம் தேவையில்லை. லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி ஒரே வைஃபையில் உள்ள கருவிகளுக்கிடையே நேரடியாக அனுப்பும். டேட்டாவும் போகாது, கோப்பும் வெளியே போகாது.

ஏற்றும் நேரத்தைப் பற்றி இரண்டு வரி. நம்முடைய இணைப்புகளில் இறக்கும் வேகம்தான் விளம்பரத்தில் வரும், ஏற்றும் வேகம் அதைவிடக் குறைவு. வினாடிக்கு 5 எம்பிட் கிடைத்தால் உங்கள் பழைய 9 ஜிபி ஏறச் சரியாக 4 மணித்தியாலம் எடுக்கும், நடுவில் கரன்ட் போகாவிட்டால். பிரவுசரில் பாதியில் அறுந்தால் பல தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். பெரிய கோப்புகளுக்கு ட்ரைவ், மெகா போன்றவற்றின் கணினிச் செயலியைப் பயன்படுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வோர்ம்ஹோலில் 5 ஜிபிக்கு மேல் நேரடியாக அனுப்புவதென்றால் இரண்டு பக்கமும் முழித்திருக்க வேண்டும். கொழும்பில் இரவு 9 மணி, கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முற்பகல் பதினொன்றரை. உங்கள் கட்டணத் திட்டத்தில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

சேரின் பென் ட்ரைவ் யோசனையை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். 50 ஜிபி வீடியோ என்றால் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவது சில வேளை வேகமும்கூட. ஆனால் அதற்குள்ளும் 7-ஜிப்பால் பூட்டித்தான் வைக்க வேண்டும். பென் ட்ரைவ் தொலைவது இணையக் களவைவிடச் சாதாரணமாக நடக்கிற காரியம், கொண்டுபோகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவதும் அப்படித்தான்.

காசு விஷயத்தில் சேரோடு எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. கட்சிக்காரரின் தரவுகளைக் கையாளும் கந்தோர் அதற்குப் பொறுப்பு என்பதுதான் அதன் போக்கு. சட்டத்தரணிக்கு நான் சட்டம் சொல்லத் தேவையில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு அனுப்புவதற்கு மேலே சொன்ன இலவச வழிகள் போதும். வாரம் பத்து அனுப்புகிற நிலை வந்தால், யார் எப்போது இறக்கினார் என்ற பதிவு வைத்துத் தரும் கட்டணச் சேவை ஒன்றை எடுப்பதுதான் புத்தி. இலவசச் சேவை எந்த நேரமும் விதியை மாற்றும், ஒருநாள் இல்லாமலும் போகும். ஃபயர்பொக்ஸ் சென்ட் என்று மொசில்லா 2019 மார்ச்சில் தொடங்கிய அருமையான இலவசச் சேவை ஒன்று இருந்தது. வைரஸ் பரப்புகிறவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதால் அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். எனவே எந்த லிங்கையும் களஞ்சியமாக நினைக்காதீர்கள். மூலக் கோப்பு உங்கள் கந்தோரில் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘உங்களுக்குக் கோப்பு வந்திருக்கிறது’ என்று இந்தச் சேவைகளின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் தாராளமாக வருகின்றன. கிளிக் செய்தால் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒரு கோப்பை இறக்குவதற்கு யாரும் உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கத் தேவையில்லை. நீங்கள் அனுப்பும் நாளில் முதலில் அழைத்து, இன்று இந்தச் சேவையிலிருந்து ஒன்று வரும் என்று சொல்லுங்கள். அதே அழைப்பில் 16 இலக்கத்தையும் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் ஒருபோதும் மின்னஞ்சலில் மாற்றி அறிவிக்க மாட்டோம் என்பதையும் சொல்லி வையுங்கள். காணி விற்பனையில் பெரிய மோசடிகள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

கடைசியாக, போன மாதத்து லிங்க். அது இன்னும் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். திறந்தால் கந்தோர்த் தம்பி ஏற்றியபோது வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைத் தேடச் சொல்லுங்கள், அழிப்பதற்கான லிங்க் பெரும்பாலும் அதில் இருக்கும். எத்தனை முறை இறக்கப்பட்டது என்று சில தளங்கள் காட்டும், லிங்கை அழிப்பதற்கு முன் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேரிடம் கொடுங்கள். ஐயாவிடம் குழுவில் போட்ட செய்தியை ‘எல்லோருக்கும்’ என்று அழிக்கச் சொல்லலாம், ஆனால் வட்ஸ்அப் அதற்கு இரண்டு நாளும் கொஞ்ச நேரமும்தான் தரும், அது எப்போதோ தாண்டியிருக்கும். தம்பிக்காரர் ஏற்கனவே இறக்கியிருந்தால் அந்தப் பிரதியை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதில் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் இருப்பதால், ஐயாவின் பெயரில் போலி அற்றோர்னித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) ஏதும் கிளம்புகிறதா என்று காணிப் பதிவகத்தில் இந்தக் காணியின் பக்கத்தைச் சேர் சில மாதங்களுக்கு இடைக்கிடை பார்த்துக்கொள்வது நல்லது.